அளவு ரவிக்கை இல்லாமல் ஒரு சைக்கிள்

"இந்த வயசுல சைக்கிளா?" என்று கேட்பவர்களுக்குச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். "ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்பவர்களுக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

என் உயரம் 147 செ.மீ. புனே வந்த பதினாறு வருஷத்தில் மூன்று சைக்கிள் வாங்கியாச்சு. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே வசனம்தான்: "சீட் நீச்சே கர் தேங்கே மேடம்". சீட்டை இறக்கினால் கால் எட்டும், சரி. கை? ஹேண்டில்பார் இருந்த இடத்தில்தானே இருக்கும்! கடக்வாஸ்லா அணை வரை போய்த் திரும்பினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கழுத்து பிடித்துக்கொள்ளும். குட்டை ஸ்டெம் மாற்றினேன், சீட்டை முன்னால் தள்ளினேன். அப்புறம் முட்டி வலி. டாக்டர் சைக்கிளையே விட்டுவிடச் சொன்னார். வாரம் முழுக்க ஆபீஸ், வீடு, பொண்ணு படிப்பு என்று ஓடுகிறவளுக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான் சொந்தம். அதை விட மனசு வரவில்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் 700சி சக்கரம். டயரோடு சேர்த்தால் குறுக்களவு 68 செ.மீ. பக்கம் வரும். சின்ன ஃப்ரேமிலும் அதையே போட்டால், திரும்பும்போது முன் சக்கரம் ஷூ நுனியில் இடிக்கும். இடிக்காமல் இருக்க ஃபோர்க்கைக் கூடுதலாகச் சாய்த்து சக்கரத்தை முன்னால் தள்ளுகிறார்கள். அதனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள நீளம் குறைய வேண்டிய அளவு குறைவதில்லை. 'எக்ஸ்ட்ரா ஸ்மால்' என்று ஸ்டிக்கர் இருக்கும். உண்மையில் குட்டையானது சீட் குழாய்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜினா டெரி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் 1985இல் கம்பெனி தொடங்கி, பெண்களுக்கென்று முன்னால் 24 அங்குலச் சக்கரம், பின்னால் 700சி என்று சைக்கிள் செய்து விற்றிருக்கிறார். கோளாறு என் உடம்பில் இல்லை என்று அதைப் படித்த ராத்திரிதான் முதல் தடவையாகத் தோன்றியது.

இங்கிலாந்தில் தனி ஆளாகப் பட்டறை வைத்து ஃப்ரேம் செய்யும் ஒருவருக்கு எழுதினேன். நாமெல்லாம் டெய்லரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சைக்கிளுக்கு எதைக் கொடுப்பது? அவர் ஒரு படிவம் அனுப்பினார். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே தடிப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்கணும். எனக்கு 66 செ.மீ. தரையிலிருந்து கழுத்துக்குழி வரை, தோள் எலும்பிலிருந்து கையில் பிடித்த பென்சில் வரை, பாதம், தோள் அகலம் என்று பட்டியல் நீண்டது. ரங்கமணி டேப் பிடிக்க, பொண்ணு எழுதிக்கொண்டாள் :-)

66ஐ 0.883ஆல் பெருக்கினால் 58.3. பெடல் சுற்றும் அச்சிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை உத்தேசமான உயரம் அது. சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு. அவர் அதோடு நிற்கவில்லை. எந்த மாதிரி ரோடு, எவ்வளவு தூரம், எங்கே வலிக்கிறது, குனிந்தால் தரை எட்டுமா என்று கேள்வி மேல் கேள்வி. நான் ஓட்டுகிற வீடியோவும் கேட்டார். கடைசியில் வரைபடம் வந்தது. 26 அங்குலச் சக்கரம், 155 மி.மீ. கிராங்க் (பொதுவாக 170), மேல் குழாய் 49 செ.மீ. 'சின்னது', 'லேடீஸ்' என்று எங்கும் எழுதவில்லை. மேலே என் பெயர் மட்டும்.

முன்பணம் கட்டி எட்டு மாதம் காத்திருப்பு. அந்த வருஷ போனஸ் மொத்தமும் போனது, கஸ்டம்ஸ் வரி தனி. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏத்தா, அந்தக் காசுக்கு நக எடுத்திருக்கலாம்ல?"

அம்மாவுக்குச் சைக்கிள் தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அதில் அம்மாவும் ஒருத்தர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில், சேலையோடு. அம்மாவும் என் உயரம்தான். பெடல் கீழே போகும்போது எட்டாது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து மிதிப்பார். தம்பி பாரில், தண்ணிக் குடம் கேரியரில்.

"எங்கள யாரு அளந்தா? கெடச்சத ஓட்டுனோம்" என்றார். கோபமாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கையக்கூடவா அளந்தாக?" என்று கேட்டார்.

ஆமாம்மா என்றேன். அதற்கப்புறம் நகைப் பேச்சு வரவில்லை.

என் ஃப்ரேம் ரெனால்ட்ஸ் குழாயில் செய்தது. 1928இல் ரெனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது (இப்போது தனி). அதே குழுமமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். அம்மா ஓட்டிய ஹெர்குலிஸ் அவர்கள் செய்தது. ஆக, ரெண்டும் ஒன்றுவிட்ட சொந்தம்!

பூட்டி ஓட்ட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. வேகம் கூடவில்லை. சிங்கட் ஏற்றத்தில் இன்னமும் இறங்கித் தள்ளத்தான் செய்கிறேன். ஆனால் விரல் மரத்துப்போவதில்லை. திங்கட்கிழமை கழுத்தில் தைலம் தேய்க்காமல் ஆபீஸ் போகிறேன்.

எல்லோரும் இப்படிச் செலவு பண்ணணும்னு சொல்ல வரலை. உங்கள் வீட்டுப் பொண்ணுக்குச் சைக்கிள் வாங்கும்போது கால் எட்டுகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, மெதுவாகத் திரும்பும்போது சக்கரம் ஷூவில் இடிக்கிறதா என்று பாருங்கள். குட்டை கிராங்க், குட்டை ஸ்டெம், 26 அங்குலச் சக்கரம் வைத்த சைக்கிள் என்று முதலில் தேடுங்கள். பல பேருக்கு அதுவே போதும்.

பொங்கல் முடிந்து அம்மா புனே வருகிறார். போன வாரம் போனில் ஒரே கேள்விதான்: "அதுல கேரியர் வச்சிருக்கா, இல்லையா?"