மலைக்கு முன்னால் ஒன்றுமில்லாத காலம்

ராஜபாளையத்தில் மலையைப் படம் எடுக்க விடிகாலைதான் நேரம். மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு மேற்கே நிற்பதால் காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். ஒவ்வொரு மடிப்பும் பாறையும் ஓடையும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எல்லாம் கறுத்துப்போகும். ஸ்லைடு பிலிம் என்றால் இன்னும் கறார். நெகட்டிவ் பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிவிடலாம். ஸ்லைடில் அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெளுத்துவிடும், குறைந்தால் மாந்தோப்பு இருண்டுவிடும். அன்றைக்கு எடுத்தது எடுத்ததுதான்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த அந்த ஸ்லைடுகளை இப்போது லைட் பாக்ஸில் பரப்பி, லூப் என்கிற பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 24க்கு 36 மில்லிமீட்டர்தான் அளவு. ஆனால் கையில் இருப்பது நகல் இல்லை. அய்யனார் கோயில் ஆற்றங்கரையில் என் காமிராவுக்குள் இருந்த அதே பிலிம் துண்டு. அந்த மலையிலிருந்து வந்த வெளிச்சம் பட்ட பொருள். கம்ப்யூட்டரில் எத்தனை படம் பார்த்தாலும் இந்த நெருக்கம் எனக்கு வருவதில்லை.

எல்லாம் ஒன்றுபோல் நிலைக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிமில் எடுத்தவை சிவந்துவிட்டன. நீலப்பச்சைச் சாயம் போய், பனையும் வரப்பும் செம்மண் நிறத்தில் நிற்கின்றன. சிலவற்றில் பூஞ்சை ஏறியிருக்கிறது. பிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின், பூஞ்சைக்கு அது சாப்பாடு. வானம் முழுக்க வேர்விட்டதுபோல் நூல்நூலாக ஓடுகிறது. 1990-இல் வந்த ஃப்யூஜி வெல்வியாவில் எடுத்தவை மட்டும் அப்படியே இருக்கின்றன, அந்தப் பச்சை கொஞ்சம்கூட மங்காமல்.

ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். வில்லிபுத்தூருக்குக் கிழக்கே வயலில் நின்று எடுத்தது. கீழே நாற்று நட்டுச் சில நாளே ஆன வயல், தண்ணீருக்கு மேல் நாலு விரல் பச்சை. நடுவில் ஆண்டாள் கோயில் கோபுரம், பதினொரு நிலையும் எண்ணலாம். அதற்குப் பின்னால் நீலமாக மலை. வயலுக்கும் கோபுரத்துக்கும் இடையில் பனைமரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு கொக்கு, பறக்கக் காலைத் தூக்கியிருக்கிறது. எடுத்தபோது அதை நான் பார்க்கவே இல்லை.

ராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியெல்லாம் மலை கூடவே வரும். இன்று அதே சாலையில் கட்டடங்களின் சந்துகளில்தான் மலை எட்டிப் பார்க்கிறது. அந்நாளில் முடங்கியாறு பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல்காரர், மேகத்தைப் பார்த்து எனக்கு நாள் குறித்துக் கொடுப்பார். "இன்னிக்கு மேகம் எறங்கிருச்சு தம்பி, ஒம் பெட்டிக்கு வேல இல்ல. கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்பார். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்த அந்தத் தோப்பில் இப்போது பிளாட் கற்கள் நிற்கின்றன.

மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் வந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அதற்காக நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் மலையை மலையாகக் காட்டிக்கொண்டிருந்த வெளி, அந்தக் கண்மாயும் வயலும் தோப்பும், யார் காவலிலும் இல்லை. எனக்கு ஏக்கமெல்லாம் அதன்மேல்தான்.

மலை மாறாமல் இருப்பதில் ஒரு உபயோகம் உண்டு. ஸ்லைடில் எந்த உச்சி எந்த உச்சிக்கு நேரே நிற்கிறது என்று பார்த்து, அதே பொருத்தம் கிடைக்கும்வரை நடந்தால் அன்று நின்ற இடம் அகப்பட்டுவிடும். சஞ்சீவி மலைக்குக் கீழே ஒரு ஸ்லைடு எடுத்த இடத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அது இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. உள்ளே விட்டார்கள், நின்று பார்த்தால் பந்தல் தகரத்துக்கு மேலே உச்சி மட்டும் தெரிகிறது.

இப்போது ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் பென்சிலால் எழுதிவருகிறேன்: ஊர், எந்தக் கண்மாய்க் கரை, எந்தத் திசை பார்த்து, எந்த மாதம். அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். பிறந்ததிலிருந்து ராஜபாளையத்திலேயே இருப்பவள். "இது எந்த ஊரு சித்தப்பா?" என்று கேட்கிறாள். நம்ம ஊர்தான் என்றால் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகப்போகிறேன், விடியுமுன்பே கிளம்பி.