பத்து டு ரெண்டு

ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேர வேலை வந்திருக்கிறது. மாதம் எட்டாயிரம். டாலியில் பில் ஏற்றுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவது. கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலைதான், கை மறக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக வரச் செலவு மிச்சம். சின்னவள் அரசுப் பள்ளியில் மூன்றாவது. காலை உணவு அங்கேயே. பிள்ளைகள் பசியாறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரிதான். அதனால் அம்மாக்களுக்குக் காலையில் கிடைக்கும் அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம்!

சிக்கல் தேதிகளில்தான். மாதாமாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொன்று. அன்றைக்கு ரெண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு "வர்றேன் சார்" என்று கிளம்ப முடியுமா? செப்டம்பர் இன்னும் மோசம். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு 30. பெரியவனுக்குக் காலாண்டுத் தேர்வும் அதே மாதம். பத்தாவது வேறு.

"நான் பார்த்துக்கிறேம்மா, நீ போ" என்கிறார் அத்தை. மூட்டு வலியோடு எத்தனை நாள் பார்ப்பார்? வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். சாயங்காலப் பாத்திரம் யார் கழுவுவது என்றால் போனை நோண்டுகிறார்.

கெடு நாட்களில் மிச்ச வேலையை வீட்டிலிருந்து முடிக்கலாமா, அதற்குத் தனிச் சம்பளம் உண்டா என்று திங்கட்கிழமை கேட்கப்போகிறேன். இதே வேலையில் இருக்கும் தோழிகளே, செப்டம்பரை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?