மாமியாரும் கண்ணாடி இறக்கைக்காரியும்

அடி வள்ளி, என் கண்ணே,

உன் முட்டிவலி தேவலையா? இங்கே ஏற்காட்டுல மழை விட்டபாடில்லை, துவைச்ச துணி காயவே மாட்டேங்குது, இதுக்கு நடுவுல எனக்கும் என் மாமியாருக்கும் ஒரு புழுவால பஞ்சாயத்து, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொட்டியில இருந்த கார்டீனியாவை விரல் தண்டிப் பச்சைப் புழு ஒண்ணு மொட்டையடிச்சிட்டிருந்தது, வால்பக்கம் ஒத்தைக் கொம்பு வேற. அத்தை உடனே மருந்தடின்னாங்க; நான் கேட்கலை. பக்கத்து எஸ்டேட்ல பூச்சி பத்திப் படிச்ச பையன் ஒருத்தன், இது காபி குடும்பத்துச் செடி இலைகளைத் தின்னு வளர்றது, கார்டீனியாவும் அந்தக் குடும்பம்தான் அக்கான்னான். தின்னு முடிச்சதும் பச்சை மங்கிப் பழுப்பாகி, தானே கீழே இறங்கிச் சருகுக்குள்ள கூடு கட்டிக்குமாம். சரின்னு மண்ணும் சருகும் போட்டுப் பெரிய பாட்டில்ல விட்டேன், அத்தை ரெண்டு வேளை முகம் கொடுத்துப் பேசலை, போகட்டும்.

அது அந்துப்பூச்சியா கூட்டை விட்டு வெளியே வந்த அன்னைக்கு நீ இருந்திருக்கணும்டி! இறக்கையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. காய்ஞ்சதும் படபடன்னு அடிச்சுது பாரு, செதில் அத்தனையும் பொடியா உதிர்ந்து, நரம்பும் கறுப்பு ஓரமும்தான் மிச்சம், அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பி அப்படியே தெரிஞ்சுது. இறக்கை மேல கண்ணுக்குத் தெரியாத பொடி மேடுங்க நெருக்கமா இருக்கிறதால வெளிச்சம் பட்டாலும் பளபளக்காதாம், ஜப்பான்காரங்க 1997லயே ஆராய்ஞ்சு எழுதிட்டாங்களாம். என் மூக்குக்கண்ணாடிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையே!

அந்துப்பூச்சின்னா ராத்திரி விளக்கைச் சுத்துறதுதானேன்னு கேட்பே. இது வெயில்ல வர்ற ஜாதி. பாசிப்பச்சை உடம்பு, வயித்துல சிவப்புப் பட்டை, வால்ல கறுப்புக் குஞ்சம். இறக்கையை விரிச்சா 5லேருந்து 7 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும். பூவுல உட்காராம அந்தரத்துல நின்னுக்கிட்டே நீள நாக்கை விட்டுத் தேன் குடிக்கும், எங்க வீட்டு வேலைக்கார அக்கா தேன்சிட்டுக் குஞ்சுன்னு இன்னும் சாதிக்கிறாங்க. லின்னேயஸ் 1771லயே ஹைலஸ்னு இதுக்குப் பேர் வச்சுட்டாராம்.

உங்க பக்கத்துலயும் உண்டுடி, வாசல் இட்லிப்பூவை வெயில் ஏறினதும் போய்ப் பாரு, குளவின்னு விளக்குமாத்தைத் தூக்கிடாதே.

அத்தைதான் வேடிக்கை, இப்போ வர்றவங்ககிட்டெல்லாம் தானே பாத்துப் பாத்து வளர்த்ததா அளக்கிறாங்க. நானும் தலையாட்டிட்டு நிக்கிறேன், வேற வழி? காபிப்பொடி அனுப்பறேன், விலையைக் கேட்டு மயங்கி விழுந்திடாதே. பதில் போடு.

உன்
கமலா