பூ உதிர்ந்த பிறகு

மாசசூசெட்ஸில் செப்டம்பர் பிறந்ததுமே தோட்டம் களைத்துவிடும். ஹைட்ரேஞ்சியா பழுப்பேறும், ரோஜா ஓய்ந்துவிடும், மேப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் அவசரமாகச் சிவந்து நிற்கும். எல்லாச் செடிகளும் மூட்டை கட்டுகிற அந்த நேரத்தில்தான் எங்கள் வேலியோரத்து ஹெப்டகோடியம் பூக்கத் தொடங்கும்.

மல்லிகை ஏக்கத்தில்தான் அதை வாங்கினோம். மண்ணில் நட்ட மல்லிகை அந்தக் குளிரில் பிழைக்காது. தொட்டியில் வைத்து ஜன்னலோரம் காப்பாற்றினாலும் நான்கு மொட்டு வைப்பதே பெரும்பாடு. இந்தச் செடியோ பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியைத் தாங்கும், விட்டால் 15 அடிக்கு மேல் வளரும், கிளை நுனியெல்லாம் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும். கொத்துக்கு ஏழு என்று கணக்கு வைத்துச் சீனத்தில் இதை ஏழு பிள்ளைப் பூ என்கிறார்கள். வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் நம் மல்லியின் தங்கை என்று சொல்லலாம்.

சீனாவின் ஹூபே மலைகளில் 1907இல் எர்னஸ்ட் வில்சன் இதைக் கண்டார். அவர் சேகரித்த உலர்ந்த மாதிரிகளைக் கொண்டு 1916இல் ஆல்ஃபிரட் ரேடர் பெயர் சூட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் மேலைநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இது ஏட்டில் மட்டும் இருந்த செடி. 1980இல் அமெரிக்க, சீனத் தாவரவியலாளர்கள் சேர்ந்து போன பயணத்தில்தான் ஹாங்சோ தாவரவியல் பூங்காவிலிருந்து விதை கிடைத்தது. பாஸ்டனின் அர்னால்டு மரத்தோட்டத்தில் அது முளைத்து, அங்கிருந்து நர்சரிகளுக்குப் பரவியது. சொந்தக் காடுகளில் அருகிப்போன ஒன்று எங்கள் வேலியோரம் செழித்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

மெக்சிகோ நோக்கித் தெற்கே பறக்கும் மோனார்க் பட்டாம்பூச்சிகள் வழியில் அதன்மேல் இறங்கும். வேறு பூ அதிகம் இல்லாத பருவம் என்பதால் தேனீக்களும் மொய்க்கும். காலையில் காபியோடு வெளியே போனால் அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே வேலைக்கு நேரமாவதை மறந்துவிடுவோம்.

ஆனால் அந்தச் செடியின் உண்மையான நாட்கள் வெள்ளையெல்லாம் கொட்டிய பிறகுதான். இதழ் விழுந்த இடத்தில் பச்சையாக ஒட்டியிருக்கும் சின்னப் புல்லிகள் வாடாது. மெல்ல நீளும். முதலில் நுனியில் ஒரு ரோஜா நிறம், பிறகு ஒவ்வொன்றாக முழுச் சிவப்பு. அக்டோபரில் தெருவில் போகிறவர்கள் நின்று, இப்போதுதான் பூத்ததா என்று கேட்பார்கள். பூத்து முடிந்துவிட்டது என்றால் நம்பமாட்டார்கள். இலையும் கொட்டிய பின் அடிமரத்தின் வெளிர்ப் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். பனிக்கு நடுவே அதுவும் ஓர் அழகு.

வீட்டை விற்றபோது வாங்கியவர்களிடம் கொதிகலன், கூரை எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். இதைப் பற்றி நான் தனியாகச் சொன்னேன்: புதுத் துளிரில்தான் பூக்கும், கவாத்து செய்வதானால் குளிர்காலம் முடிகிற சமயம் செய்யுங்கள், கோடையில் கத்தரி வைக்காதீர்கள். தலையாட்டினார்கள். செய்கிறார்களா, தெரியாது.

இப்போது திருச்சியில் இருக்கிறோம். குளிர்காலம் இல்லாமல் அது வாழாது, அதனால் இங்கே முயலவும் இல்லை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்குப் போனால் மல்லி குவிந்து கிடக்கிறது. எதற்காக அங்கே ஏங்கினேனோ அது முழம் முழமாகக் கிடைக்கிறது, தினமும் வாங்குகிறேன். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் மனம் அந்தச் சிவப்பைத் தேடுகிறது. மல்லிகையில் அது இல்லை. சாயங்காலம் மணத்தது மறுநாள் பழுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

தங்கை மகள் பாஸ்டனுக்குப் படிக்கப் போயிருக்கிறாள். அர்னால்டு தோட்டத்தில் அந்தச் செடியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பரிலேயே போகிறேன் பெரியம்மா என்றாள். வேண்டாம்மா, பூவெல்லாம் உதிரட்டும், அக்டோபரில் போ என்றேன்.