இலையில்லாத தொட்டிகள்

சென்னை முடிச்சூர் பக்கத்து நர்சரிகளில் முன்வரிசை முழுக்கப் பூத்த செடிகள்தான். கிழங்குகளைப் பார்க்க பச்சை வலைக்கூரையின் கடைசிவரை போகவேண்டும். மார்ச் முடியும் நேரம் நான் போனபோது அங்கே வரிசை வரிசையாகத் தொட்டிகள், உள்ளே வெறும் மண்.

"காலித் தொட்டியாக்கா?"

"காலியா? தூங்குது சார்" என்றார், எரு சலித்துக்கொண்டிருந்த பெண்மணி.

எல்லாம் ஃபுட்பால் லில்லி. மே மாதம் இலை விரிவதற்கு முன்பே தண்டு கிளம்பி, சிவப்புப் பந்தாய்ப் பூக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். வாங்குகிறவர்கள் காசு தருவது அந்தப் பத்து நாளுக்குத்தான். மற்ற மாதங்களின் இடமும் தண்ணீரும் கூலியும் நர்சரியின் தலையில்.

அந்தப் பெண்மணி ஒரு ஆமரில்லிஸ் கிழங்கை எடுத்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு இடம் பொதபொதவென்று உள்ளே போனது. கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை அரிந்து, மஞ்சள்தூளை அப்பி, நிழலில் காயப்போட்டார். அடுத்தது கல்லு மாதிரி இருந்தது. தொட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தார். செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்த கலவையைப் போட்டு, கிழங்கின் கழுத்து வெளியே தெரியும்படி நட்டார். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் தண்ணீர் நின்று அழுகுமாம்.

சேலையூர், மேடவாக்கம் ஃபிளாட்டுகளில் கிழங்கைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான். டிவி பக்கத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். "மொட்டு விரியுறப்ப ஹாலுக்குக் கொண்டுபோங்க, பூ முடிஞ்சா திரும்ப வெயில் விழற ஜன்னலுக்கு. தண்டை மட்டும் வெட்டணும், பச்சை இலையைத் தொடக்கூடாது." அடுத்த வருடப் பூவுக்கான சோற்றை அந்த இலைதான் சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. இலை பழுத்தபின் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பால்கனித் தொட்டிகளைப் படுக்கவைத்துவிடச் சொல்கிறார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது படுக்கவைத்தும் பயனில்லை. "கிழங்கெல்லாம் கூழு" என்றார், அதற்குமேல் பேசவில்லை.

டூலிப் கேட்டும் ஆட்கள் வருகிறார்களாம். அதற்குப் பூக்க மூன்று மாதத்துக்கும் மேலாகக் குளிர் வேண்டும்; ஸ்ரீநகரில் டூலிப் தோட்டம் திறந்தார்கள், அங்கே அது சரி. ஜனவரி ராத்திரியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் ஃபிரிட்ஜ்தான் கதி. அதிலும் ஆப்பிள் பக்கத்தில் வைத்தால் பழம் விடும் எத்திலீன் வாயுவில் உள்ளிருக்கும் மொட்டு கருகிவிடும். மாவுப் பாத்திரத்துக்கே இடமில்லாத நம் ஃபிரிட்ஜில் இது வேண்டாத வேலை. காய்ந்து கிடந்து, ஒரு மழை விழுந்ததும் கொத்தாய்ப் பூக்கும் மழை லில்லி இந்த ஊருக்குப் போதும்.

கிளம்பும்போது தூங்கும் தொட்டி ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். முதலாளிக்கு ஃபோன் போட்டார். வெறும் மண்ணை இதுவரை யாரும் விலை கேட்டதில்லையாம்.