நீல நாடா கட்டிய ஊர்

சில ஊர்களுக்குக் கோயிலால் கீர்த்தி உண்டாகிறது. சில ஊர்களுக்குப் பட்டுப் புடவையால் உண்டாகிறது. அல்வாவினால் பெயர் பெற்ற ஊரும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள மில்வாக்கி நகரமோ பீரினால் பெயர் பெற்றது. "மதுபானத்தைப் பற்றி நம் வீட்டுக் கூடத்தில் என்ன பேச்சு?" என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு மலிவான சரக்கு ஓர் ஊரை எவ்விதம் வளர்த்தது, பிறகு எவ்விதம் அந்த ஊரைக் கைவிட்டது, கைவிட்ட பிற்பாடும் ஜனங்களின் ஞாபகத்தில் எவ்விதம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது என்பதே நாம் சொல்லப் போகும் கதை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சொட்டும் அருந்த வேண்டியதில்லை.

சிக்காகோவுக்கு வடக்கே சுமார் 90 மைல் சென்றால் மில்வாக்கி. மூன்று ஆறுகள் ஒன்று கூடி ஏரியில் கலக்கும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியர் கூட்டங் கூட்டமாக இங்கே வந்து குடியேறினார்கள். லாகர் என்னும் பீரைக் காய்ச்சும் வித்தையும் அவர்களோடு கப்பலேறி வந்தது. லாகரானது குளிர்ந்த இடத்தில் பல வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டிய பானம். யந்திரக் குளிர்ச்சி இல்லாத அந்தக் காலத்தில் மில்வாக்கியின் கடுங்குளிரே பெரிய மூலதனமாயிற்று. உறைந்து கிடந்த ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து நிலவறைகளில் அடுக்கினார்கள். 1871-ல் சிக்காகோ நகரைப் பெருந்தீ எரித்தபோது அங்கிருந்த பீர் ஆலைகள் பலவும் சாம்பலாயின. மில்வாக்கிப் பீப்பாய்கள் அந்த இடத்தை நிரப்பப் புறப்பட்டன. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் என்னும் நான்கு பெயர்களும் நாடெங்கும் பிரசித்தமாயின.

இவற்றுள் பாப்ஸ்ட்டின் கதை ரஸமானது. 1844-ல் ஜேக்கப் பெஸ்ட் என்பவர் தம் புதல்வர்களோடு ஒரு சிறு ஆலையைத் தொடங்கினார். அவருடைய பேத்தி மரியாவை 1862-ல் மணந்தவர் பிரெடெரிக் பாப்ஸ்ட் என்னும் ஏரிக் கப்பல் தலைவர். அடுத்த வருஷமே அவருடைய கப்பல் புயலில் சிக்கிக் கரை தட்டிற்று. "இனிக் கப்பல் வேண்டாம்" என்று தீர்மானித்த அம்மனிதர், மாமனாருடைய தொழிலில் பங்காளியானார். 1889-ல் ஸ்தாபனத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. புயல் அடித்ததனால் கெட்ட குடும்பங்கள் பல உண்டு. வாழ்ந்த குடும்பத்துக்கு இது ஓர் உதாரணம்.

1882-ஆம் வருஷம் முதல் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். உயர்ந்த ரகப் புட்டியின் கழுத்தில் நீலப் பட்டு நாடா ஒன்றைக் கையினாலேயே கட்டி அனுப்பினார்கள். பத்து வருஷத்துக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி நாடா செலவாகும் நிலைமை வந்துவிட்டது! 1893-ல் நடந்த சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் முதன்மை யாருக்கு என்பதில் பெரிய தகராறு நடந்தது. ஆயினும், அந்த ஆண்டிலே தாங்கள் வெற்றி பெற்றதாகப் புட்டியின் மேலே பாப்ஸ்ட் கம்பெனியார் அச்சிட்டுக்கொண்டார்கள்.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அப்போது பாப்ஸ்ட் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பாலாடைக் கட்டி செய்து விற்றது! தொழிலாளருக்கும் வேலை இருந்தது. குழந்தைகளுக்கும் ரொட்டியின் மேல் தடவ ஏதோ கிடைத்தது. மதுவிலக்கு வந்தால் ஆலை அழிந்தே போகும் என்று வாதிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மதுவிலக்கைத் தாண்டிப் பிழைத்த ஆலையை முதலாளிகளின் கணக்குப் புத்தகம் கொன்றது. 1970-க்குப் பிற்பகுதியில் வருஷத்துக்குச் சுமார் 180 லட்சம் பீப்பாய் விற்ற பாப்ஸ்ட், அதன் பின்னர் சரிந்துகொண்டே வந்தது. 1985-ல் கம்பெனி கை மாறிற்று. 1996-ல் மில்வாக்கி ஆலை மூடப்பட்டது. அத்துடன், ஓய்வு பெற்ற தொழிலாளருக்கு அளித்து வந்த வைத்தியச் செலவு உதவியும் நிறுத்தப்பட்டது. அவர்கள் நியாயஸ்தலத்துக்குப் போயும் பயனில்லை. 152 வருஷ உறவு இவ்விதம் முடிந்தது. சில வருஷங்களில் நீல நாடாப் பீர் முழுவதும் பிறருடைய ஆலைகளில் கூலிக்குக் காய்ச்சப்படலாயிற்று. பழைய எதிராளியான மில்லர் கம்பெனியே நெடுங்காலம் அதைக் காய்ச்சிக் கொடுத்தது.

இனி விசித்திரத்தைக் கேளுங்கள். ஊரில் செத்த சரக்கு திரையில் பிழைத்திருந்தது. 1986-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த 'புளூ வெல்வெட்' என்னும் படத்திலே டென்னிஸ் ஹாப்பர் நடித்த கொடியவன், அயல்நாட்டுப் பீரின் பெயரைக் கேட்டதும் சீறி விழுந்து, பாப்ஸ்ட்தான் வேண்டுமென்று கத்துகிறான். 2008-ல் வந்த 'கிரான் டொரினோ'வில் கிளின்ட் ஈஸ்ட்வுட் மனைவியை இழந்த மோட்டார்த் தொழிலாளியாக வருகிறார். வீட்டுத் திண்ணையில் தனியே உட்கார்ந்து அவர் காலி செய்யும் டப்பாக்களும் நீல நாடாவே. பேட்டை மாறிவிட்டது, வேலை போய்விட்டது, பிள்ளைகள் ஒட்டவில்லை. மாறாதது அந்த டப்பா ஒன்றுதான் என்பதை ஒரு வசனமும் இன்றிப் படம் சொல்லிவிடுகிறது.

1976 முதல் 1983 வரை ஓடிய 'லாவெர்ன் அண்டு ஷெர்லி' என்னும் தொலைக்காட்சித் தொடரோ இன்னும் ஒரு படி மேல். புட்டிகளுக்கு மூடி போடும் இரண்டு மில்வாக்கிப் பெண்களே அதன் கதாநாயகிகள். ஷ்லிட்ஸை ஞாபகமூட்டும் 'ஷாட்ஸ்' என்ற கற்பனை ஆலையில் அவர்களுக்கு வேலை. நாடு முழுவதும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, 1981-ல், நிஜமான ஷ்லிட்ஸ் ஆலை மில்வாக்கியில் கதவை அடைத்தது. கற்பனைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நிஜ ஆலையில் பூட்டுத் தொங்கிற்று!

2001-ல் பாப்ஸ்ட் விற்பனை பத்து லட்சம் பீப்பாய்க்கும் கீழே போயிற்று. அந்தச் சமயத்தில் போர்ட்லண்டு முதலிய நகரங்களில் சைக்கிளில் தபால் சுமக்கும் வாலிபர்கள் இதை விரும்பி வாங்கத் தொடங்கினார்கள். காரணம், மலிவு, மற்றொரு காரணம், இதற்கு விளம்பரமே இல்லை. விளம்பரம் செய்யப் பணம் இல்லாத வறுமையை அவர்கள் நேர்மை என்று எடுத்துக்கொண்டார்கள். விற்பனை மறுபடியும் ஏறிற்று. 2010-ல் சீன தேசத்தில் இதே பெயரில் ஒரு புட்டி 44 டாலர் விலையில் வந்தது. ஏழையின் பானம் என்ற பெயர் அங்கே செல்லுபடியாகவில்லை போலும்!

இன்று மில்வாக்கியில் அந்த மேட்டின் மேல் ஏறினால், வெளிர்மஞ்சள் செங்கல் கட்டிடங்கள் அப்படியே நிற்கின்றன. ஜூனோ வீதிக்கு மேலே பாப்ஸ்ட் என்ற பெயர்ப்பலகையும் தொங்குகிறது. காய்ச்சு கூடம் 2013 முதல் பிரயாணிகள் தங்கும் ஹோட்டல். பிரம்மாண்டமான செப்புக் கொப்பரைகள் அலங்காரப் பொருள்களாக உள்ளே வீற்றிருக்கின்றன. கப்பல் தலைவர் 1892-ல் கட்டி முடித்த மாளிகை பொருட்காட்சிசாலை ஆகிவிட்டது. பார்க்க வருவோர் புகைப்படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகத் திரும்புகிறார்கள்.

அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பழமையைப் போற்றுவது நல்ல குணந்தான். ஆனால் கொப்பரையைத் துடைத்து வைத்தவர்கள், அதன் அருகே நின்று வெந்த மனிதனுடைய வைத்தியச் செலவை மறந்துவிட்டார்கள். பெயரும் படமும் நாடாவும் பத்திரமாயிருக்கின்றன. பத்து லட்சம் அடி நாடாவைக் கையால் முடிந்தவர்கள் யார் என்று கேட்டால், அந்த மாளிகையின் சுவர்களில் பதில் இல்லை.