குலம் இல்லாத குலம்

நான் பிளஸ் டூ படித்தபோது கணக்குப் புத்தகத்தில் 'குலங்கள்' என்றொரு பாடம் இருந்தது. ஆங்கிலத்தில் 'குரூப்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதைத் தமிழாக்கியவர்கள் 'குலம்' என்று வைத்திருந்தார்கள். 'நீங்க என்ன குலம்?' என்று கேட்டே பழகிய ஊரில் வளரும் பிள்ளையின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு நான் சமூகவியல் பக்கம் வந்துவிட்டேன், இன்று சமூகப் பணியில் இருக்கிறேன். ஆனாலும் கணிதம் பற்றித் தேடிப் படிக்கும் பழக்கம் போகவில்லை. அதுதான் என்னைக் 'குவாண்டம் குலங்கள்' வரை கொண்டுபோனது.

விஷயம் இதுதான். ஒரு சதுர அட்டையைச் சுழற்றியும் புரட்டியும் அதே இடத்தில் பொருந்தும்படி வைக்க 8 வழிகள் உண்டு. அந்த எட்டும் சேர்ந்தது கணிதத்தில் ஒரு குலம். அந்தச் செயல்களை எண்கள் அடுக்கிய அணிகளாக எழுதிக் காட்டலாம். அப்படிக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், சட்டமன்றத்திலும் வேலைவாய்ப்பிலும் நாம் கேட்கும் 'பிரதிநிதித்துவம்' என்பதற்கான பெயரும் ஒன்றேதான். ஒரு பொருளை, அது எதன்மீது எப்படிச் செயல்படுகிறது என்பதை வைத்து அறிவதுதான் இந்தத் துறையின் வழி.

1985-ல் சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் ட்ரின்ஃபெல்டும் ஜப்பானில் மிச்சியோ ஜிம்போவும் தனித்தனியாக ஒரு வேலை செய்தார்கள். சமச்சீர்மையை விவரிக்கும் பழைய இயற்கணிதங்களுக்குள் 'கியூ' என்ற ஓர் எண்ணை நுழைத்தார்கள். கியூ ஒன்றானால் பழையது திரும்பக் கிடைக்கும். வேறு மதிப்பு வைத்தால் புதிய இயற்கணிதம் பிறக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் 'குவாண்டம் குலம்' கணித இலக்கணப்படி குலமே அல்ல. பெயரில் மட்டும்தான் குலம்.

சடை பின்னியவர்களுக்கு இதன் சாரம் எளிதில் புரியும். இரண்டு கால்களை இடம் மாற்றி, மறுபடியும் மாற்றினால் பழைய வரிசை வந்துவிடும், ஆனால் ஒரு முறுக்கு விழுந்திருக்கும். பழைய கணக்கில் இரண்டு பிரதிநிதித்துவங்களை இருமுறை இடம் மாற்றினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். குவாண்டம் குலங்களில் அந்த முறுக்கு பதிவாகிறது. இரண்டு முடிச்சுகள் வேறு வேறா என்று பிரித்தறியும் கணிதத்துக்கு இது உதவுவது அதனால்தான்.

இந்தத் துறை இன்றும் உயிரோடு இருக்கிறது. கியூவைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுபோனால், சிக்கலான பிரதிநிதித்துவங்கள் புள்ளிகளும் அம்புக்குறிகளுமாக எளிமையாகிவிடும் என்று 1990-ல் காட்டியவர் மசாகி காஷிவாரா. 2025-ல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1998-ல் எட்வர்ட் ஃபிரெங்கலும் நிக்கோலாய் ரெஷெடிகினும், குவாண்டம் இயற்கணிதங்களில் ஒரு முக்கிய வகையின் பிரதிநிதித்துவங்களுக்குக் கைரேகை போல ஓர் அடையாளத்தை உருவாக்கினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன.

இதைச் செய்தவர்கள் வந்த பாதையைத் தேடியபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சோவியத் அடையாள ஆவணத்தின் ஐந்தாவது வரி, தேசிய இனம். அதில் 'யூதர்' என்றிருந்தால் பல கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ட்ரின்ஃபெல்ட் 15 வயதில், 1969 சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் முழு மதிப்பெண்ணோடு தங்கம் வென்றவர். மாஸ்கோவில் ஆய்வுப் படிப்பை முடித்தும் அங்கே வேலையும் கிடைக்கவில்லை, குடியிருப்பு அனுமதியும் கிடைக்கவில்லை. தூரத்து ஊஃபா நகரில் சில காலம் கற்பித்துவிட்டு, சொந்த ஊரான கார்கிவுக்குத் திரும்பினார். குவாண்டம் குலங்களை அங்கிருந்துதான் எழுதினார். 1990-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

ஃபிரெங்கலின் தந்தை யூதர். 1984-ல், 16 வயதில், மாஸ்கோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மணிக்கணக்காகக் குடைந்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். எண்ணெய், எரிவாயுக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்த அவர், எந்தப் பல்கலைக்கழகம் விரட்டியதோ அதே பல்கலைக்கழகத்தின் வேலியை ஏறிக் குதித்து வகுப்பு கேட்டார்.

'பார்த்தீர்களா, திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது' என்று இதை எடுத்துக்கொள்வோர் உண்டு. இந்தப் பேச்சை நாமும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். வேலி ஏறத் தெரியாதவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுடைய பெயர் எந்தத் தேற்றத்திலும் இல்லை. ஒதுக்கப்பட்டவன் மேதையாக இருந்தால்தான் அநீதி அநீதியாகத் தெரியும் என்றால், அதுவும் இன்னொரு நுழைவுத் தேர்வுதான்.

அதனால் எனக்கு இந்தக் கதையில் பெல்லா சுப்போடோவ்ஸ்காயாதான் முக்கியம். தானும் கணித ஆய்வாளரான அவர், 1978-ல் திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களை மாஸ்கோவில் தன் வீட்டிலேயே கூட்டிப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். பெரிய கணித அறிஞர்கள் வந்து கற்பித்தார்கள். அவர்களில் ஒருவரான டிமிட்ரி ஃபூக்ஸ்தான் பிற்பாடு ஃபிரெங்கலுக்கு முதல் ஆய்வுக் கேள்வியைக் கொடுத்தவர். அந்தக் கேள்வி பின்னல்களின் கணிதத்தைப் பற்றியது. 1982-ல் லாரி மோதி பெல்லா இறந்தார். அடுத்த ஆண்டோடு வகுப்புகளும் நின்றன.

என் வேலையில் பாதி, பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவது. 'சமூகம்' என்ற கட்டம் வரும்போது சில பிள்ளைகளின் பேனா நின்றுவிடும். சோவியத்தின் ஐந்தாவது வரியும் பிறப்பைக் கேட்டது, இந்தக் கட்டமும் பிறப்பைக் கேட்கிறது. அது வெளியே தள்ளுவதற்காகக் கேட்டது. இது, தலைமுறைகளாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வருவதற்காக நம் முன்னோர் போராடி வாங்கியது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகிறேன். கணக்கில் தொண்ணூறு வாங்கியவளுக்கும் சொல்கிறேன், நாற்பது வாங்கியவனுக்கும் சொல்கிறேன்.